விருந்தாளிக்குக் காற்று

என் மாமனார் மீராசாவின் வீட்டு ஹோலில் ஒரேயொரு மேசை ஃபேன்தான் இருந்தது. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் என் வாழ்க்கை தொங்கியது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஊரே சிரித்துவிட்டது.

எண்பத்து நாலில் ரியாத்திலிருந்து வந்தபோது மற்றவர்களைப் போல நான் நகையும் கம்பளியும் கொண்டுவரவில்லை. ஒரு பெட்டி நிறைய உதிரிப் பாகங்கள் கொண்டுவந்தேன். ஹோல் மூலையில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக ஈயம் வைத்து ஒட்டி, பலகைப் பெட்டிக்குள் பூட்டி, டீவியோடு இணைத்தேன். கம்ப்யூட்டர்! கல்முனையில் அப்போது அந்தச் சொல்லைக் கேட்டவர்களே குறைவு. மாமிக்கு அது ஒரு பாடாத ரேடியோ.

திரும்பவும் சவூதிக்குப் போக எனக்கு விருப்பமில்லை. மனைவி ஸகியாவுக்கு என்னை அனுப்பவும் விருப்பமில்லை. நெல் மில் முதலாளி ஸலாஹுதீன் ஹாஜியார், மில்லுக்கு வருகிற நெல்லையும் போகிற அரிசியையும் பெட்டி பிழையில்லாமல் கூட்டிக் காட்டினால் மில்லிலேயே வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். காட்டாவிட்டால் விமானம்தான்.

நான் தனியாக இருந்தால் பெட்டி மத்தியான ளுஹர் பாங்கு வரை சோர்வில்லாமல் ஓடும். யாராவது பார்க்க வந்தால் போதும், அவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எழுத்துகள் குழம்பி, திரை கோடு கோடாகி, அப்படியே நின்றுவிடும். தொட்டால் கை சுடும். ஒட்டிய இடங்களையெல்லாம் மறுபடி ஒட்டினேன். கடற்காற்றின் உப்புப் பிடித்திருக்கும் என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஊர்க் கரண்ட்டைத் திட்டினேன். ஒன்றும் சரிவரவில்லை.

"பாக்க வாறவங்கட கண்ணூறு மருமகன், வேறொண்டுமில்ல" என்றார் மாமி.

பௌதிகம் படித்தவன் என்ற திமிரில் சிரித்தேன். ஆனால் ஆளில்லாதபோது ஓடுகிற இயந்திரம் ஆளைக் கண்டதும் சாவதற்குப் பௌதிகத்திலும் காரணம் கிடைக்கவில்லை. கடைசியில் நானே போய் ஓதிப்பார்க்கிற லெவ்வையைக் கூட்டி வந்தேன். அவர் ஓதிய தண்ணீரைப் பெட்டிக்குள் தெளிக்கப் போக, பாய்ந்து கையைப் பிடித்தேன். கண்ணூறை நம்பலாம், அதற்காக ஷோர்ட் சர்க்கிட்டை நம்பாமல் விட முடியுமா? பெட்டி லெவ்வைக்கு முன்னாலும் செத்தது.

பிறகொரு நாள் மாமாவின் வயலைச் செய்கிற வீரமுனை வேலப்போடி வந்தார். மாமா வழக்கம்போல ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்.

"அங்கால திருப்புங்க முதலாளி, எனக்குத் தடிமன்" என்று மூக்கை உறிஞ்சினார் வேலப்போடி.

மாமா அதைப் பழையபடி என் மூலைக்கே திருப்பிவிட்டார். வேலப்போடி வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையை ஆதியிலிருந்து சொல்லி முடிக்கும்வரை பெட்டி ஓடியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் எனக்கென்று வைத்திருந்த ஃபேன்தான் பக்கத்திலிருந்த பெட்டியையும் காப்பாற்றியிருக்கிறது. விருந்தாளி வந்தால் ஃபேன் விருந்தாளிக்கு. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அது தன்பாட்டில் நடக்கிற காரியம், என் கண்ணில் படவேயில்லை.

மாமாவிடம் சொன்னேன்.

"வந்த மனிசன் வேர்த்து ஒழுக, பெட்டிக்குக் காத்தா? ஊர் என்னத்தக் கதைக்கும் மருமகன்?"

பக்கத்து வீட்டில் இன்னொரு ஃபேன் இரவல் வாங்கினேன். ஹாஜியார் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா ஆளுக்கொன்றாகத் திருப்பிவைத்தார்.

கணக்குப் பாதியில் திரை நடுங்கத் தொடங்கியது. கதவுச் சீலைக்குப் பின்னால் ஸகியா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். எழுந்துபோய், ஹாஜியாருக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைத் தூக்கிப் பெட்டிக்கு நேரே வைத்தேன்.

ஹாஜியார் சால்வையால் கழுத்தைத் துடைத்தார். தேநீரைத் தள்ளி வைத்தார்.

"அப்ப நாங்க வாறம் மீராசா. மருமகன் பெட்டியக் கவனிக்கட்டும்."

அவர்கள் வாசல் படலையைத் தாண்டும்போது திரையில் மொத்தக் கணக்கு வந்தது. ஒரு பிழையில்லை. பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் அந்தப் பாழாய்ப்போன பெட்டி நிற்கவேயில்லை. மாமா என்னைத் திட்டவில்லை. பாஸ்போட் எங்கே என்று மட்டும் கேட்டார்.

இப்போது ரியாத்தில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. இயந்திரத்துக்கென்று தனி ஏசி. வெயிலில் ரோட்டுப் போடுகிறவர்களை யாரும் உள்ளே விடுவதில்லை. அது மரியாதைக் குறைவென்று இங்கே யாருக்கும் படுவதுமில்லை.

போன மாதம் ஸகியா பேசிப் பதிந்த கசட் வந்தது.

"மச்சான், வாப்பா இப்ப ஆர் வந்தாலும் ஃபேனப் பெட்டிக்குத்தான் திருப்புறாரு. 'சவூதியில இருக்கிற எங்கட மருமகன் செஞ்சது, சூடாகப்படா' எண்டு சொல்றாரு. ஹாஜியாரும் வேர்க்க வேர்க்க இருந்து பாத்திட்டுப் போனாரு. ஒருத்தருக்கும் அத இயக்கத்தான் தெரியா. நீங்க நிப்பாட்டினபடியே கிடக்கு."

 அதற்குப் பிறகு கசட் தீரும்வரை அந்த ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஏசி அறையில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது.