ரெண்டு பேரும் சேர்ந்துதான்

...சேர்ந்துதான், ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுப்போம், இதைத் தடுமாறாமல் சொல்ல வேண்டுமென்று காரை நிறுத்தும்போதுகூட வீட்டுக்காரர் உருப்போட வைத்தார், 'நான் சொன்ன மாதிரியே சொல்லு, நீயா எதையும் சேர்க்காத', சரி என்றாள், சரி சொல்லத்தான் அவளுக்கு நன்றாக வருமே... இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் குடியுரிமை அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட அம்மா, இங்கே ஆணும் பெண்ணும் சமம், அது நம் எல்லோருக்கும் பொதுவான கொள்கை என்று புன்னகையோடு சொல்கிறார், எல்லோருக்கும் என்றால் இவளையும் சேர்த்தா, இல்லை இந்தப் பரீட்சையில் தேறின பிறகுதான் சேர்ப்பார்களா? வீட்டுக்காரர் போன வருடமே தேறிவிட்டார், அவரோடு மகளுக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது, விமான நிலையத்தில் அவர்கள் குடிமக்கள் வரிசை, இவள் மட்டும் வெளிநாட்டவர் வரிசை, 'ஏம்மா நீ அங்க நிக்கிற' என்று குழந்தை அங்கிருந்து கூப்பிட்டது, இன்று கோட்டை விட்டால் மறுபடியும் அதே வரிசைதான்.

சலவைக்கூடத்தில் இவளோடு ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கிற மேற்பார்வைக்காரி இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், வேலை முடிந்து ஒரு டீ குடிக்கலாம் வா என்றால், 'இரு, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன், இல்லன்னா குதிப்பாரு' என்று போனை எடுப்பாள், அவளை யாராவது இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்களா, பாவம், நல்லவள்தான்... அப்படியானால் இந்தச் சமம் யாருடையது, இங்கே பிறந்தவர்களுக்குப் பரீட்சையே கிடையாதா? ஐயோ, அதிகாரி என்னவோ கேட்டுவிட்டார். "உங்க வீட்ல முடிவெல்லாம் யார் எடுப்பீங்க?" வாயைத் திறப்பதற்குள் பாழாய்ப்போன கழுத்து தானாகவே கதவுப் பக்கம், வெளியே வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிற பக்கம், திரும்பிவிட்டது. அதிகாரி பார்த்துவிட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்று சொன்னாள்தான், ஆனால் அவருடைய பேனா அசையவில்லை.

"சரி, குடியுரிமைக்குப் போடணும்னு முதல்ல சொன்னது யாரு?"

இது உருப்போட்ட எதிலும் இல்லை. வீட்டுக்காரர்தான் சொன்னார், சொல்லக்கூட இல்லை, கையெழுத்துப் போடு என்றார், போட்டாள், உனக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை, வேண்டுமா... மகள் நிற்கிற வரிசை வேண்டும், அது நிச்சயம், மற்றதெல்லாம் குழப்பம். "நான்தான்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பச்சைப் பொய், ஆனால் சொல்லி முடித்ததும் முழுப் பொய்யாகத் தோன்றவில்லை, அது ஏன்? அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார், எழுந்து கைகுலுக்கினார், தேறிவிட்டாளாம். சந்தோஷமா பயமா என்று பிடிபடவில்லை. வெளியே வீட்டுக்காரர் காத்திருப்பார், என்ன கேட்டாங்க, என்ன சொன்ன என்று ஒன்றுவிடாமல் துருவுவார், நான்தான் என்று சொன்னதைச் சொல்லலாமா, மறைக்கலாமா... இதை யாரைப் போய்க் கேட்பது?