வெறும் வயிற்றில் வந்த கல்லூரிகள்

எங்கள் கோவில்பட்டியில் மருத்துவ ஆய்வகப் பட்டப்படிப்புக்குக் கல்லூரி தேடுகிறவர்கள், கல்லூரியின் இரத்தத்தை எடுத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதற்காக ஜூன் மாதக் காலைகளில் கல்லூரிகள் வெறும் வயிற்றில் வீடு வீடாக வருகின்றன. கூடத்து நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டுகின்றன. மாணவி தானே நரம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு முறை குத்தலாம். இரண்டிலும் இரத்தம் வராவிட்டால் கல்லூரி விடைபெற்றுக்கொள்ளும். யாரும் மனத்தாங்கல் கொள்வதில்லை.

என் மகள் மதிவதனிக்குச் சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியின் நரம்பும் கிடைக்கவில்லை. ஓராண்டு வீட்டிலிருந்து என் இடது கையில் பழகினாள். இம்முறையும் தவறினால் அடுத்த தெரு வணிகவியல் கல்லூரிதான். அது யாரிடமும் கையை நீட்டுவதில்லை. இரண்டாம் ஆண்டும் எங்கும் சேராத பிள்ளைகளைச் சேர்க்கையின் கடைசி நாள் மாலையில் வந்து அழைத்துப் போய்விடும். அன்று கடைசி நாள். காலையிலிருந்தே அது தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது.

முதலில் வந்தது நீலக் கண்ணாடி பதித்த புதிய கல்லூரி.

“காலையில ஏதும் சாப்பிட்டீங்களா?” என்று மதிவதனி முறைப்படி கேட்டாள்.

“பச்சத் தண்ணி கூடக் குடிக்கல.”

“டீ வாசம் வருதே.”

“வர்ற வழியில அரை கிளாஸ். சீனி கம்மி,” என்றது கல்லூரி.

ஊசி எளிதாக இறங்கியது. ஒன்றும் வரவில்லை. மறு கையிலும் வரவில்லை.

“ஆஸ்பத்திரி இன்னும் கட்டி முடிக்கல. ரத்தம் அடுத்த வருஷம் வந்துரும். பஸ்ஸெல்லாம் ஏசி, அத மனசுல வச்சுக்கோங்க,” என்றது. வாசல் வரை சென்று வழியனுப்பினேன்.

இரண்டாவது கல்லூரிக்கு இரத்தம் இருந்தது. நரம்புதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. விரலை வைத்தால் நூலகத்துப் பக்கம் நழுவியது. நூலகத்தில் தேடினால் விடுதிக்குப் போய்விட்டது. இரண்டு முறை குத்திய பின், அது சுற்றுச்சுவரைச் சரிசெய்துகொண்டு எழுந்து போயிற்று.

மதிவதனி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். “எம்மா, எனக்கு வராது போல.”

“ஏட்டி, சும்மா இரு. இன்னும் ஒண்ணு இருக்குல்லா. கையத் தொடச்சிட்டு வா.”

மூன்றாவது, பழைய கல்லூரி. தன் மருத்துவமனையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்திருந்தது. நோயாளிகள் உறங்கிக்கொண்டிருந்ததால் மெல்ல உட்கார்ந்தது. நான் மின்விசிறியைக் குறைத்தேன்.

“வலது கை வேண்டாம் தாயி. போன வருசத்துப் பிள்ளைக பூராவும் அதுலதான் படிச்சாக. இடது கையப் பாரு.”

மதிவதனி ரப்பர் பட்டையைக் கட்டி, கண்ணை மூடி, விரலால் தேடினாள். முதல் குத்தில் வரவில்லை. இரண்டாவதில் குழாய்க்குள் கருஞ்சிவப்பாக ஏறியது. அந்த மகிழ்ச்சியில், பட்டையைத் தளர்த்துமுன் ஊசியை உருவிவிட்டாள். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்வதுதான். இரத்தம் முழங்கையிலிருந்து வழிந்து தரையில் சொட்டியது. கல்லூரி அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. பெற்றோர் எழுந்திருக்கக் கூடாது என்பதால் நானும் எழுந்திருக்கவில்லை.

அவளே பட்டையை அவிழ்த்தாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். கல்லூரி முழங்கையை மடக்கப் போயிற்று.

“மடக்காதீங்க. நேரா நீட்டி அழுத்திப் பிடிங்க. ஒண்ணும் ஆகாது.”

பஞ்சின் மேல் அதன் விரலை எடுத்து வைத்தாள்.

“ம், இப்பத்தான் சரியாப் பேசுத,” என்றது கல்லூரி.

இரத்தத்தைத் தெளியவைத்து மதிவதனி ஒவ்வொன்றாகப் பரிசோதித்தாள். கடைசிச் சோதனை அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தன. கல்லூரி கர்ப்பமாக இருந்தது.

“சந்தேகமாத்தான் இருந்துச்சு. மாடி ஏறினா மூச்சு வாங்குது,” என்றது அது. ஆய்வகங்கள் மாடியில் இருந்தன. ஆகவே இந்த ஆண்டு புதிதாக யாரையும் சேர்க்க இயலாது.

மதிவதனி தலைகுனிந்தாள். தெருமுனையில் வணிகவியல் கல்லூரி இரண்டடி முன்னால் வந்தது.

“அழாத தாயி. பிறக்கப்போறதுக்கு மொத மாணவி வேணும்ல? அங்க ஒனக்கு இடம் வச்சாச்சு.”

“அதுல ஆஸ்பத்திரி இருக்குமா?”

“பிறக்கும்போதே ரத்தத்தோடதான பிறக்கும்.”

மதிவதனி சற்று யோசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப மாசா மாசம் வந்துருங்க. ரத்தம் கம்மியா இருக்கு, பாக்கணும்,” என்றாள். வணிகவியல் கல்லூரி திரும்பி வேறு தெருவுக்குப் போனது. நான் பழைய கல்லூரிக்குப் பேரீச்சம்பழம் கட்டிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் வளைகாப்பு. கல்லூரிக்குத் தாய்வீடு இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். வளையல் கடைக்காரர் கை அளவைக் கேட்டார். இரண்டு லாரிகள் பக்கம் பக்கமாக நுழையும் என்றேன். அந்த அளவு பச்சையில் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லி, ஏணி போட்டுப் பரணிலிருந்து ஒரு டஜன் எடுத்துக் கொடுத்தார்.