குப்பி எடுக்கிற அனற்

அனற் காணாமல் போய்விட்டாள்.

பேராதனையில் மருத்துவம் படிக்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடையே அதுதான் பேச்சு. விடுதியில் கட்டில் காலி. போன் ஓஃப். தமிழ்ச் சங்க நாடகத்தில் மூத்த மருமகளாக நடிப்பவள் ஒத்திகைக்கு வரவில்லை. அவளிடம் பாடம் கேட்க வந்த ஒரு வருடம் இளைய கீழ் பட்ச் பிள்ளைகள் மரத்தடியில் காத்திருந்து, கொசுக்கடி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

காணாமல் போனவள் ஒன்றும் கடல் தாண்டவில்லை. பிலிமத்தலாவையில், பித்தளைச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தாள். அது அவளுடைய மார்கிரட் சித்தியின் வீடு. யன்னலோரத்தில் கதிரையைப் போட்டு, மருந்தியல் புத்தகத்தை மடியில் விரித்து, காலையிலிருந்து ஒரே பக்கத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். கீழே கண்டி பஸ்கள் ஹோர்ன் அடித்தபடி பறந்தன.

"படிக்கிற புள்ள மாதிரி தெரியலியே," என்றாள் சித்தி, பிளேன்டீயை வைத்தபடி. "கடன்காரனுக்கு ஒளிஞ்ச ஆள் மாதிரியில்ல இருக்க?"

ஒளிந்துதான் இருந்தாள். காரணத்தைச் சித்தியிடம் சொல்லவில்லை. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அப்பா வின்சன்டிடமும் சொல்லவில்லை. மருத்துவத்துக்குத் தெரிவானபோது கோயில் வாசலில் அவளுடைய படத்தைப் போட்டு பேனர் கட்டியவர் அவர். மழையில் நிறம் போயும் இன்னும் கழற்றவில்லை.

மருந்தியலில் அனற் பெயில்.

குப்பி எடுக்கிற அனற் பெயில்!

குப்பி என்பது கம்பஸ் பிள்ளைகளின் சொந்த ஏற்பாடு. விரிவுரையில் மண்டைக்குள் ஏறாததை, ஏறிய ஒருவர் மற்றவர்களுக்குத் தங்கள் பாஷையில் சொல்லிக் கொடுப்பது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள். ஒவ்வொரு பட்சும் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொள்ளும். அனற்றின் பங்குக்கு விழுந்தது இதயம்.

இதய மருந்துகளை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து இதயத்தோடு பொருத்திவிடுவாள். மேலே தண்ணீர்த் தாங்கி, கீழே லயத்து வரிசை வீட்டுக் குழாய், நடுவில் திறக்க மறுக்கும் வால்வு. எந்த மருந்து தாங்கியின் தண்ணீரைக் குறைக்கும், எது குழாயை அகட்டும், எது பம்புக்குத் தெம்பு கொடுக்கும் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். தன் பட்சுக்கு எடுத்தாள், பெயிலாகி ரிப்பீட் எழுதியவர்களுக்கு எடுத்தாள், கீழ் பட்சுக்கும் எடுத்தாள். கேட்டவர்கள் பாஸ். எடுத்தவள் பெயில்.

சோதனைப் பெறுபேற்றில் பாஸானவர்களின் இலக்கம் மட்டும்தான் வரும், பெயர் வராது. அறைத் தோழி சிந்துஜாவைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. ரிப்பீட் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதிலும் சறுக்கினால், கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள். அவள், தன்னை 'அக்கா' என்று கூப்பிடுகிறவர்களோடு கீழே நிற்க வேண்டும்.

அதனால்தான் ஓடி வந்தாள். நாடகம் வேண்டாம், குப்பி வேண்டாம், ஒருவரும் வேண்டாம், புத்தகமும் நானும் மட்டும். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. காசநோய் மருந்துப் பக்கத்தை விரித்தால் மூன்றாவது வரியில் கண் சொருகியது. விழித்துப் பார்த்தால், யன்னல் கம்பிகளுக்கு இதயம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் படிக்கட்டு தடதடத்தது.

"எடியேய்!" மூச்சிரைக்க வந்து நின்றாள் சிந்துஜா. யாழ்ப்பாணத்துக் குரல், கடை வரைக்கும் கேட்டிருக்கும். "நீ இஞ்ச இருந்து தேத்தண்ணி குடிக்கிறாய். அங்க சனம் நீ ஆரோடயோ ஓடிட்டாய் எண்டு கதைக்குது."

"யாரோட?"

"அதைத்தான் எல்லாரும் என்னட்டக் கேக்குதுகள்."

"நான் இங்க இருக்கேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

குசினியிலிருந்து சித்தியின் பதில் வந்தது. "நாந்தான் சொன்னேன். செவுத்தோட பேசுற புள்ளைய நான் எத்தன நாளைக்கு வச்சுப் பாக்குறது?"

சிந்துஜா கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள்.

"எத்தினை பக்கம் முடிஞ்சுது?"

அனற் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரே பக்கம்.

"நாடகத்தாலதான் எல்லாம் போச்சு சிந்து. வெளயாட்டு, கூத்துன்னு திரியாம ஒழுங்கா படிச்சிருந்தா..."

"விசர்க்கதை கதையாத. நானும்தானே நாடகத்தில நிண்டனான். எனக்குப் போகேல்லையே." சிந்துஜா அவளை உற்றுப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லு. மற்றவையின்ர குப்பி ஒண்டுக்காவது நீ போனனியே?"

அனற் ஒவ்வொரு குப்பியாக எண்ணிப் பார்த்தாள்.

நரம்பு மருந்துக் குப்பி நடந்தபோது அவள் ஒத்திகையில் இருந்தாள். கிருமிகொல்லிக் குப்பியன்று கீழ் பட்சுக்கு இதயம் எடுத்துக்கொண்டிருந்தாள். காசநோய்க் குப்பியன்று எந்த வேலையும் இல்லை. கண்டீனில் சும்மாதான் இருந்தாள். போகத் தோன்றவில்லை. குப்பி எடுக்கிற ஆள் இன்னொருவரின் குப்பியில் போய்க் கொப்பியை விரித்து உட்காருவதா? யாரும் அப்படிச் செய்வதில்லை என்று அவளாகவே நினைத்திருந்தாள்.

இராத்திரிகளில் தொண்டை கட்டிப்போய் வந்து படுத்தபோது, இன்று நல்லாப் படித்தேன் என்ற திருப்தியோடுதான் தூங்கினாள். தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னதெல்லாம் அவளுடைய கணக்கில் படிப்பாக ஏறியிருந்தது. கைதட்டல் வேறு கிடைத்தது. யாரும் கைதட்டாத பக்கங்கள் புத்தகத்தில் அப்படியே புதுசாகக் கிடந்தன.

"நாளைக்குப் பின்னேரம் லாபிர் காசநோய் எடுக்கிறான்," என்றாள் சிந்துஜா, எழுந்தபடி. "கீழ் பட்சுக்கு. மரத்தடியில. நான் வாறன் உன்னோட."

"லாபிரா?"

கலகெதரையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மகன் லாபிர். மேல் பட்சிலிருந்து மருந்தியலில் விழுந்து இவர்களோடு சேர்ந்தவன். அவனுக்கு இதயம் சொல்லிக் கொடுத்ததே அனற்தான்.

"அவன் முன்னாடி போய் நான் எப்படிடி ஒக்காருறது?"

"குண்டியாலதான்," என்றுவிட்டுப் படியிறங்கினாள் சிந்துஜா.

மறுநாள் பேராதனைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அனற் எதிர்ப்பக்க பஸ் தரிப்பைப் பார்த்தாள். திரும்பிவிடலாம். அடுத்த பிலிமத்தலாவை பஸ் அதோ வருகிறது. சிந்துஜா அவளுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள், மாட்டைப் பிடிப்பதுபோல.

மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர். லாபிர் வெள்ளைப் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அனற்றைக் கண்டதும் பிள்ளைகள் மடமடவென்று ஒதுங்கிப் பலகை வரைக்கும் வழிவிட்டார்கள்.

"ஐயோ, அனற் அக்கா! வந்துட்டீங்களா?" என்று துள்ளினாள் டிலானி. நாவலப்பிட்டிப் பிள்ளை. நாடகத்தில் பிணமாக நடிப்பவள். "இன்னைக்கு நீங்களா எடுக்கப் போறீங்க?"

லாபிர் தன் கலகெதரைப் பேச்சோடு பேனையை நீட்டியே விட்டான். "வாங்க, வாங்க. நீங்க எடுக்கிறண்டா நான் குந்திக்கிறன்."

பேனை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாங்கிக்கொண்டு இதயம் எடுத்துவிட்டுப் போய்விடலாம். கைதட்டுவார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, சோதனை வரைக்கும்.

"இல்ல லாபிர்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "நான் கேக்க வந்தேன். பார்மகொலஜி எனக்கு ரிப்பீட்."

விரித்த கொப்பிகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன.

லாபிர் பேனையை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டான். ஆறுதலும் சொல்லவில்லை, ஆச்சரியமும் காட்டவில்லை. விழுந்தவனுக்குத் தெரியும், அந்த நேரத்தில் இரண்டுமே குத்தும்.

"அப்ப முன்னுக்கு வாணாம், பின்னுக்குக் குந்துங்க," என்றான். "முன்னுக்கு இருந்தா நீங்க படிப்பிக்கப் பாப்பீங்க. எண்ட குப்பியில ஒரு சட்டம் ஈக்கி. தெரிஞ்ச ஆள் முந்திச் செல்லப்படாது. தெரியாத ஆள்தான் முதல்ல செல்லணும். எங்க, காசநோய்க்கு நாலு மருந்து. எத்தாம்பியூட்டோல் என்ன செய்யும்? அனற்?"

"சிறுநீர் செம்மஞ்சளாப் போகும்."

பின்வரிசையே குலுங்கிச் சிரித்தது. "அக்கா, அது ரிஃபாம்பிசின்!" என்றாள் டிலானி. "எத்தாம்பியூட்டோல் கண்ணுக்குத்தான் ஆபத்து. செவப்பும் பச்சையும் தெரியாமப் போகும்."

அனற்றின் காது சுட்டது. ஆனால் விசித்திரம், ஒரு வாரமாக யன்னலோரத்தில் ஏறாதது அந்தச் சிரிப்போடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

குப்பி முடிந்து பாய்களைச் சுருட்டும்போது டிலானி கிட்ட வந்தாள்.

"அக்கா, கோவமா?"

"கோவமில்ல. கேலி பண்ணினதுக்கு ஒனக்கு இருக்கு, அது வேற." அனற் பாயின் மறுமுனையைப் பிடித்தாள். "நாடகத்த நான் விட்டுடலாம்னு இருக்கேன் டிலானி. மருமகளுக்கு வேற ஆள்..."

"நா செய்யவா?"

"அவ்வளவு வசனத்தையும் இனிமே நீ எப்படிப் பாடமாக்குவ?"

"ஏற்கெனவே பாடம்," என்றாள் டிலானி, வெட்கத்தோடு. "செத்துப் போன மாமனாரா துணியப் போத்திக்கிட்டு நடுவுலயே கெடக்கேனே. எல்லாரு வசனமும் எனக்குப் பாடம். எத்தன தடவ நீங்க தப்பு விட்டீங்கன்னுகூடத் தெரியும்."

அனற் பாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஒரு வார்த்தை பேசாமல் கிடந்த ஒருத்திக்கு முழு நாடகமும் பாடம்!

"சரி," என்றாள். "மருமகள் நீ. பிணம் நான்."

நாடகத்தை விடவில்லை. வசனத்தை மட்டும் விட்டாள். பிணத்துக்குப் பாடமாக்க ஒன்றும் இல்லை. மிச்ச நேரத்தில் மரத்தடிப் பின்வரிசை. நரம்பு மருந்துக்கு ஒரு பெண், கிருமிகொல்லிக்கு ஒரு பையன் என்று தேடித் தேடிப் போய் உட்கார்ந்தாள். அப்பாவுக்கும் போன் எடுத்துச் சொன்னாள். "அதுக்காக பேனர கழட்டணுமா?" என்று கேட்டார் வின்சன்ட். "வேணாம்ப்பா," என்றாள்.

கலைவிழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. டிலானி மாரடித்து அழுத அழுகையில் முன்வரிசை மூக்கைச் சிந்தியது. நடுவே வெள்ளைத் துணிக்குள் அனற்.

இளைய மருமகளாக வந்த சிந்துஜா, பிணத்தின் மேல் விழுந்து ஒப்பாரி வைக்கும் சாக்கில் காதோரம் சீறினாள்.

"என்ர மாமாவே! எங்கள விட்டுட்டுப் போட்டியளே! வாயை ஆட்டாதையடி, பிணம் என்னத்தையடி முணுமுணுக்குது?"

"ஐசோநியாசிட்," என்றது பிணம். "நரம்ப பாதிக்கும், விட்டமின் பி சிக்ஸ் கொடுக்கணும்."

ரிப்பீட் பெறுபேறு வந்த அன்று அவளுடைய இலக்கம் அதில் இருந்தது. சிறப்புத் தேர்ச்சி எல்லாம் இல்லை, வெறும் பாஸ். கண்டீனில் லாபிர் பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"மாஷா அல்லாஹ்," என்றான். "புதுப் புள்ளைகள் வந்து ஈக்கி. இதயக் குப்பி எப்ப எடுக்கிறீங்க?"

அனற் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். நாக்கு நுனியில் தாங்கியும் குழாயும் வால்வும் தயாராக நின்றன.

"இதயத்த டிலானி எடுக்கட்டும். அவளுக்கு அது பாதிதான் தெரியும், எடுக்கிற சாக்குல மிச்சத்தையும் படிச்சிடுவா," என்றாள். "நீங்க சொல்லுங்க. நம்ம பட்ச்சுல யாருக்குமே சரியா வராத பாடம் எது?"