கொஞ்சம் கெதியா

வேகத்தைக் கடதாசியில் எழுதிப் பார்த்து வாசிக்கவேண்டிய அவலம் உலகத்தில் இத்தாலியர்களுக்கு மட்டும்தான் நேர்ந்தது என்று 1974ஆம் ஆண்டு, மெல்பேர்னில் ஒரு வாடகை வீட்டுக் குசினியில், தேவராஜா அறிவித்தான். அறிவிக்கும்போது பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் வயலின் பழகியவன். ஒன்றாம் காலம், அதன் இரட்டிப்பு இரண்டாம் காலம், அதற்கும் இரட்டிப்பு மூன்றாம் காலம். வேகத்தைப் பற்றி மனிதகுலம் அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பது அவன் முடிவு.

கேட்டுக்கொண்டிருந்த ஜெயரட்ணம் ட்ராமில் டிக்கெட் கொடுக்கிறவர். தேவாலயத்தில் வயலின் பழகியவர். அந்தப் பகுதி ஓர்க்கெஸ்ட்ராவில் இரண்டு வருடமாக வாசிக்கிறார். கெஞ்சிக் கேட்டுத் தேவராஜாவுக்கும் அங்கே ஒரு சோதனை வாசிப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. இருவருக்கும் ஒரே இசைக்குறிப்புப் புத்தகம். அதில் வேகத்தைச் சொல்லும் ஒவ்வொரு இத்தாலியச் சொல்லின் மேலும் பென்சிலால் தமிழ் எழுதியிருந்தார். ‘அந்தாந்தே’க்கு மேல் ‘நடக்கிற மாதிரி’. ‘அலெக்ரோ’வுக்கு மேல் ‘சந்தோஷமா’. ‘பியூ மோஸ்ஸோ’வுக்கு மேல் ‘கொஞ்சம் கெதியா’, அதாவது சற்று வேகமாக.

“சந்தோஷமா இரு எண்டு எழுதிக் குடுத்தாத்தான் சந்தோஷப்படுவாங்களோ, அண்ணை?”

“எனக்கு மறந்துபோகும் தம்பி.”

“சின்னப் பிள்ளையின்ர கொப்பி மாதிரிக் கிடக்கு. வெள்ளையள் கண்டா சிரிக்கப் போறாங்கள்.”

ஞாயிறு காலை ஜெயரட்ணம் பூசைக்குப் போன நேரம், தேவராஜா ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தான். தூளை ஊதிவிட்டான். தமிழினத்துக்குச் செய்த தொண்டாகவே அது அவனுக்குப் பட்டது.

ஒத்திகையில் ஜெயரட்ணம் புத்தகத்தை விரித்தார். பக்கத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வயலினைத் தோளில் வைத்தார். நடை நன்றாகவே போனது. பிறகு ‘பியூ மோஸ்ஸோ’ வந்தது. நாற்பது பேர் சற்றே எட்டிக் கால் வைத்தார்கள். தேவராஜா இரண்டாம் காலத்துக்குப் போனான். துல்லியமான இரட்டிப்பு, ஒரு நூலிழை பிசகவில்லை. இரண்டு வரி அவன் தனியே ஓடினான். மூன்றாவது வரியில் இன்னொரு வயலினும் அவனோடு ஓடத் தொடங்கியது.

குழுவை நடத்திய மிஸஸ் ஹார்டி கோலால் தட்டி நிறுத்தினார். நாற்பது தலையும் திரும்பின. இரண்டு வருடமாகியும் இப்படியா, புதியவர் உங்களைப் பார்த்துத்தானே வாசிக்கிறார் என்று ஜெயரட்ணத்திடம் கேட்டார்.

“சொறி, மிஸஸ் ஹார்டி. என் பிழை” என்று ஜெயரட்ணம் ஆங்கிலத்தில் சொன்னார்.

இத்தாலியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய தேவராஜா குனிந்து, அவிழாத சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.

தேநீர் இடைவேளையில்தான் கேட்டான். “நீங்கள் ஏன் அண்ணை ஓடினீங்கள்? உங்களுக்குத் தெரியும்தானே.”

“தனிய ஓடினா இண்டைக்கே உன்னை அனுப்பிப் போடுவா. பால் விடவோ?” அவர் தேநீர் வரிசைக்குப் போய்விட்டார்.

மிஸஸ் ஹார்டி வந்து, அடுத்த ஞாயிறும் வா என்றார்; ஜெயரட்ணத்திடம் பிழை பழகாதபடி வேறொருவர் பக்கத்தில் இருத்துகிறேன் என்றும் சொன்னார். அவன் “தாங்க் யூ” என்றான். சொன்னது அவ்வளவுதான்.

ஜெயரட்ணம் இரண்டு கோப்பைகளோடு திரும்புவதற்குள், புத்தகம் வைத்திருந்த தாங்கியில் கிடந்த பென்சிலை எடுத்தான். ‘பியூ மோஸ்ஸோ’வுக்கு மேல் அழித்த இடத்தில் கடதாசி பஞ்சுபோல எழும்பியிருந்தது. சரித்துப் பார்த்தால் பழைய எழுத்தின் பள்ளம் இன்னும் தெரிந்தது. அந்தப் பள்ளத்தின் வழியே, ‘கொ’ எழுத்திலிருந்து, மெதுவாக எழுதத் தொடங்கினான்.