வேலை முடிந்ததும் அணைக்கவும்

பதினெட்டு வருஷமாகக் கணினி பழுது பார்க்கிறேன். இந்தத் தொழிலில் முதலில் பழுதாவது பார்க்கிறவனின் கண்தான். இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததுமே, இவர்தான் எதையோ செய்திருக்கிறார் என்று தோன்றிவிடும். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். அதனால் மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை.

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மூன்று மாதத்தில் நான்காவது முறையாகப் போயிருந்தேன். முழங்கால் வலி, அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அது மூன்றாவது இடம், மதியத்துக்கு மேல் இன்னும் நான்கு. மேலாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுங்க சார். திங்கக்கிழமையிலேர்ந்து ரிப்போர்ட் அடிக்கிற அக்கா கண்ணாடிக் குழாய் கழுவுற ரூமுக்குப் போறாங்க. அப்புறம் இந்தத் தொல்லையே இருக்காது."

"பத்து வருஷமா அவங்கதானே டைப் பண்றாங்க?"

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

எழுதித்தான் கொடுத்திருந்தேன். முதல் முறை வந்தபோது கால் மணி நேரம் பார்த்தேன், எல்லாம் ஓடியது. காரணம் என்ற கட்டத்தில் 'பயன்படுத்துபவரின் தவறு' என்று போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். எங்கள் தொழிலில் அது ஒரு குப்பைக்கூடை. என்னவென்று தெரியாததையெல்லாம் அதில் போடுவோம்.

அறிக்கை அறையில் ஒரே கணினி, ஒரே பிரிண்டர். காலையில் அக்கா, மதியத்துக்கு மேல் வேறு இரண்டு பேர். அந்த இருவரிடம் கணினி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. அக்கா பிரிண்ட் கொடுத்தால்தான் திரை நீலமாகிச் செத்துப் போகும். அடித்த அறிக்கையும் போகும். கவுண்டரில் நிற்பவர்கள் கத்துவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மதியத்துக்காரர்கள் அவர் காதுபடவே சொல்வார்களாம்.

"வாங்க தம்பி," என்று நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு அக்கா சுவரோரம் நின்றுகொண்டார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார், எதையும் தொட்டுவிடாமல் இருக்க.

நாற்பது பக்கம் அடித்துப் பார்த்தேன். இயந்திரம் சாதுவாக நாற்பதையும் துப்பியது. வழக்கம்போல ஒன்றுமில்லை என்று பையை மூடப் போனேன். அக்கா குனிந்து தாள்களை அடுக்கினார். நிமிரும்போது, மேசைக்கு அடியில் கைவிட்டு பிரிண்டரின் ஸ்விட்சை அணைத்தார்.

"ஏன்க்கா அணைச்சீங்க?"

அவர் சுவரைக் காட்டினார். மேலாளர் கையெழுத்தும் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியுமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது: வேலை முடிந்ததும் பிரிண்டரை அணைக்கவும்.

"எல்லாரும் அணைப்பாங்களா?"

"மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு கட்டு முடிஞ்சதும் அணைச்சிடுவேன். சொல்லியிருக்காங்களே."

ஸ்விட்சைப் போட்டு ஒரு பக்கம் கொடுத்தேன். திரை நீலமானது. மறுபடி கணினியைக் கிளப்பி, பிரிண்டரை அணைத்து, போட்டு, கொடுத்தேன். மறுபடி நீலம்.

கணினிக்குள் போய்த் தேடினேன். பழைய பிரிண்டர் போன வருஷமே எடைக்குப் போய்விட்டது. அதன் மென்பொருள் மட்டும் போகாமல் உள்ளேயே குந்தியிருந்தது. புதுப் பிரிண்டருக்கு மின்சாரம் வரும்போதெல்லாம், தன்னுடையதுதான் வந்துவிட்டது என்று அதைப் பிடித்து இழுத்திருக்கிறது. புது மென்பொருள் இந்தப் பக்கம் இழுக்க, நடுவில் கணினி விழுந்திருக்கிறது. பிரிண்டரை அணைக்காமலே விட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதி ஒட்டியதை மதித்த ஒருத்தருக்குத்தான் தினமும் தண்டனை.

புதுப் பிரிண்டரை மாட்டியது நான். பழைய மென்பொருளை அன்றே நீக்கியிருக்க வேண்டியதும் நான். அன்று எனக்கு அது எட்டாவது இடம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நீக்க எட்டு நிமிடம் ஆனது. பிறகு இருபது முறை அணைத்துப் போட்டேன். இருபது முறையும் தாள் வந்தது. எனக்கு சந்தோஷமே வரவில்லை, வெட்கமாக இருந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "தப்பு என்னோடது சார். அவங்க மேல ஒண்ணுமே இல்ல. முன்னாடி எழுதினதை அடிச்சுட்டு வேற எழுதித் தர்றேன். அவங்கள மாத்துறத நிறுத்திடுங்க."

அவர் ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"நான் மாத்தல சார். அவங்களா எழுதிக் கேட்டது. வேணாம்னு அவங்க சொன்னா, இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

அக்காவின் கையெழுத்து பிசிறில்லாமல் இருந்தது. எனக்குக் கணினி வேலை சரியாக வரவில்லை என்று தெரியவந்துள்ளதால், என்று தொடங்கியிருந்தார். தெரியவந்தது என் தாளிலிருந்துதான்.

அறைக்குத் திரும்பி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய மென்பொருள், ஸ்விட்ச், என் சோம்பல், ஒன்றையும் விடவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்?"

"நீங்க மட்டும்தான்க்கா சரியா செஞ்சிருக்கீங்க. மன்னிச்சிடுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்தத் தாளைக் கிழிச்சுடுவாரு."

அவர் விசைப்பலகையைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"மூணு மாசமா ஒவ்வொரு எழுத்தையும் பயந்து பயந்து அடிச்சேன் தம்பி. ராத்திரி தூக்கத்துலகூட விரல் தானா ஆடுதுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு," என்றார். குரலில் கோபமே இல்லை. "இருக்கட்டும். நான் அங்கேயே போறேன். குழாய் உடைஞ்சா உடைஞ்சதுன்னு கண்ணுக்குத் தெரியும். யாரும் வந்து பாத்து, யார் தப்புன்னு எழுத வேண்டியதில்ல."