சாவியை எடுத்தாலும் நிற்காத வண்டி

சாவியைத் திருப்பி அணைத்து, உருவி எடுத்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்ட பிறகும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிற காரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. ஜெர்மன்காரன் செய்த பழைய டீசல் வண்டி. இரும்பு பீரோவைப் போலக் கனம். கதவைச் சாத்தினால் 'தொப்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. எல்லாம் நல்ல குணம்தான். ஆனால் ஒரு வருஷமாக, கிளப்பிவிட்டால் நிற்க மாட்டேன் என்று அடம்.

நிறுத்துவதற்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு முறை வைத்திருந்தார்கள். ஓட்டுவது அவள். போய்ச் சேர்ந்ததும் தன் கதவின் குமிழைத் தூக்குவாள். நாலு கதவின் பூட்டும் ஒன்றாக விடுபடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, பானெட்டைத் திறந்து, என்ஜின் மேலிருக்கும் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்துவார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும். தபால் நிலைய வாசலானாலும் கல்யாண மண்டபமானாலும் இதே கூத்துதான். தெருவில் அவருக்கு 'அமுக்கு டாக்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவரும் அதைக் கேட்டுக் கோபப்படுகிற ஆளில்லை.

கூத்தாக இருந்தவரைக்கும் சரி. இப்போது அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அவள் பிசியோதெரபி படித்தவள். மகள் பிறந்தபோது விட்ட வேலை. மகளுக்கே செருப்பு அளவு அம்மாவைத் தாண்டிவிட்டது. இத்தனை நாள் கழித்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். சொந்த வண்டி இருக்க வேண்டும், அது தகுதிச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கனிவாகவே சொல்லியிருந்தார்கள்.

சோதனைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார், அடியில் குனிந்து பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. கடைசியில் சாவியைத் திருப்பினார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"சாவிக்கு அடங்காத வண்டிய நான் எப்படிம்மா ரோட்டுல விடறது?" என்றார். திங்கள் காலைவரை தவணை கொடுத்தார். அதற்குள் சரியாக வேண்டும்.

வீட்டில் மெக்கானிக்குக்குக் குறைவில்லை. அவளுடைய கொழுந்தன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பக்கத்துத் தெருவில் குடியிருந்தான். மின்சாரம் ஓடாத பொருள் எதையும் அவன் பொருளாகவே மதிப்பதில்லை. சாவி போடும் சுவிட்சை மாற்றினான், ரிலேயை மாற்றினான், ஒயரை ஒயராகத் தடவிப் பார்த்தான். அண்ணன்காரரோ டீசல் பம்பின் மேல் பழி போட்டார். இரண்டு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு வாதாடியதில் வெள்ளிக்கிழமை போனது. வண்டி இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வேலைக்கான பையை அலுவலகத்தில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். புருஷனுக்குக் கடையில் கூட்டம், வர முடியவில்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்த வண்டியில் தனியாகப் போனாள். பானெட்டைத் தானே திறந்து அழுத்திக்கொண்டால் போயிற்று என்று போனவள், மர நிழலில் வண்டியை ஒதுக்கி, யோசனை எங்கேயோ இருக்க, சாவியைத் திருப்பினாள்.

வண்டி நின்றுவிட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுபடி கிளப்பினாள், திருப்பினாள். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக மறுபடியும் நின்றது. பையை வாங்கி வந்து, வீட்டு வாசல்வரை அதே நினைப்பாகவே ஓட்டினாள். வாசலில் திருப்பினாள். அங்கேயும் நின்றது.

கடையிலிருந்து வந்த புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருமுனைவரை போய் வந்தாள். அவர் இறங்கினார், அவள் திருப்பினாள், வண்டி நிற்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த கொழுந்தன் சங்கதியைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினான். "அண்ணன் கூட இருந்தா யாருக்குமே பேச்ச நிறுத்த மனசு வராது அண்ணி. வண்டி மட்டும் என்ன பண்ணும்?"

"நீ போய் உன் லிஃப்ட்டப் பாரு," என்றார் அண்ணன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தாலும் மனசு வேறொன்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் இருந்தால் ஏன் நிற்கவில்லை? கனமா? இறங்கச் சொன்னாள், ஏறச் சொன்னாள், பின் சீட்டில் உட்காரச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் செய்தார். கடைசியில், இன்னொரு தடவை தெருமுனைவரை ஓட்டிப் போய் வந்து, "இறங்காதீங்க. ஒண்ணும் செய்யாம உட்காருங்க" என்றாள். சாவியைத் திருப்பினாள். அவர் உள்ளே இருக்கும்போதே நின்றது.

அப்போதுதான் அவள் கண் கதவுக் குமிழில் விழுந்தது. ஓட்டும்போது கதவுகளைப் பூட்டிக்கொள்வது அவள் வழக்கம். அவர் இறங்கினால் குமிழைத் தூக்கியாக வேண்டும். கிளப்பினாள். குமிழைத் தூக்கிவிட்டுத் திருப்பினாள்: ஓடியது. குமிழை அமுக்கிவிட்டுத் திருப்பினாள்: நின்றது. நிறுத்துவதற்கென்று அவர் இறங்கி இறங்கித்தான் அது நிற்காமல் இருந்திருக்கிறது.

கொழுந்தன் குனிந்து, குமிழைத் தானும் ஒரு தடவை தூக்கி அமுக்கிப் பார்த்தான்.

"கதவுக்கும் என்ஜினுக்கும் என்ன சொந்தம்?" என்றார் புருஷன்.

அவள் வேலையில் இதெல்லாம் புதிதில்லை. முழங்கால் வலி என்று வருகிறவருக்கு இடுப்பில் கோளாறு இருக்கும். முழங்காலையே தேய்த்துக்கொண்டிருந்தால் விடியாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபி குடித்த கையோடு, அந்த நெம்புகோலுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் கோடு போட்ட மெல்லிய ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அது சாவி சுவிட்சுக்குப் போனது. அங்கே அதன் முனையை உருவினாள். உள்ளே செம்பைக் காணோம். நடுவில் வெறும் துளை.

"தம்பி, இது ஒயரே இல்லப்பா. குழாய்."

சுவிட்சில் அதற்குப் பக்கத்தில் செருகியிருந்த ஜோடிக் குழாயையும் உருவி, என்ஜினை ஓடவிட்டு அதன் முனையில் விரலை வைத்தாள். கன்றுக்குட்டி வாய் வைத்த மாதிரி விரலை உறிஞ்சியது. மின்சாரமே இல்லை, வண்டி காற்றை உறிஞ்சித்தான் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. அதே மாதிரி மெல்லிய குழாய்கள் கதவுப் பக்கமும் போவதைப் பார்த்தாள். அதே உறிஞ்சல்தான் கதவுகளையும் பூட்டித் திறக்கிறது. கதவு ஒவ்வொன்றுக்கும் பூட்ட ஒரு குழாய், திறக்க ஒரு குழாய். திறக்கிற பக்கம் எங்கேயோ ஓட்டை. அதனால் பூட்டு திறந்திருக்கும் நேரமெல்லாம் உறிஞ்சல் அந்த வழியே வீணாகி, என்ஜினை நிறுத்தப் பலம் போதவில்லை.

கொழுந்தன் குழாயை வாங்கி, உள்ளே ஒரு கண்ணால் பார்த்தான். பிறகு மறு கண்ணாலும் பார்த்தான். "கோடெல்லாம் போட்டு அச்சு அசலா ஒயராட்டம் இருந்தா மனுஷன் என்ன அண்ணி பண்ணுவான்," என்று மட்டும் சொன்னான்.

காலடி விரிப்பைத் தூக்கினால் குழாய்கள் பிரியும் இடம் இருந்தது. அவள் குப்புறப் படுத்து, ஒவ்வொரு கதவுக்கும் போகும் முனையை உருவி, திறந்த வாயை விரலால் அடைத்தாள். கொழுந்தன் ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருப்பினான். முன் கதவுகளில் மாற்றமில்லை. வலப்பக்கப் பின் கதவிலும் இல்லை. இடப்பக்கப் பின் கதவின் வழியை அடைத்ததும் என்ஜின் சட்டென்று அடங்கியது. தெரு முழுக்க அமைதியானது போலிருந்தது.

அந்தக் கதவின் உள் அட்டையைக் கழற்றப் போனபோதுதான் கொழுந்தனின் கை தயங்கியது. பின் கதவுகளில் பெரிய ஸ்பீக்கர்களை வைத்தவன் அவன். அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு ஆசையாகச் செய்து கொடுத்தது. அட்டை வந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்பீக்கரை இறுக்கிய நீள ஸ்க்ரூ ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டு, நேராகக் குழாய்க்குள் இறங்கியிருந்தது. குத்திய புதிதில் ஸ்க்ரூவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மகள் பாட்டுப் போட்ட போடில் அதிர்ந்து அதிர்ந்து மெல்லத் தளர்ந்திருக்கிறது.

"கோளாறும் நான் வச்சது, அதுக்கு சுவிட்ச மாத்தினதும் நானே," என்றான் கொழுந்தன், யாரையும் பார்க்காமல்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கண்ணாலேயே அவரை அடக்கினாள். "சத்தம் நல்லா வந்துது தம்பி. அதுல குறையே இல்ல," என்றாள். அவன் காது சிவந்துபோனது.

குத்துப்பட்ட துண்டை வெட்டி எறிந்தார்கள். மீன் தொட்டிக்குக் காற்று விடும் ரப்பர் குழாயில் ஒரு விரல்கடை வெட்டி, இரண்டு முனைகளையும் அதற்குள் செருகி இணைத்தாள். ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டாம், குட்டை ஸ்க்ரூ போடு என்றதும் கொழுந்தன் முகத்தில் மறுபடி உயிர் வந்தது. குமிழைத் தூக்கியும் அமுக்கியும், கதவுகளை விரியத் திறந்து வைத்தும் சாவியைத் திருப்பினார்கள். எப்படித் திருப்பினாலும் நின்றது.

திங்கள் காலை சோதனைக்காரர் சாவியைத் திருப்பினார். நம்பாமல் மறுபடி கிளப்பித் திருப்பினார். "என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். பின் கதவில் ஒரு ஸ்க்ரூ என்று அவள் சொன்னதும், வண்டியையும் பின் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேறியது என்று கண்ணாடியில் வில்லையை ஒட்டிவிட்டார்.

முதல் நோயாளியின் வீடு ஊருக்கு மறுகோடியில். கூட வந்திருந்த புருஷன் பழக்க தோஷத்தில் பக்கத்து இருக்கையில் ஏறப் போனார். பிறகு அவராகவே கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலில் குனிந்தார்.

"நீ கிளம்பு. நான் பஸ் பிடிச்சிக் கடைக்குப் போயிக்கிறேன்."

"உங்க சாப்பாட்டுப் பை பின் சீட்டுல இருக்கு. எடுத்துக்க மறந்துடாதீங்க."

"நான் எதுக்கு மறக்கறேன்? இனிமே எனக்கு வேற வேலையா இருக்கு," என்றார்.

அவள் தெரியாத தெருக்களில் வழி கேட்டுக் கேட்டுப் போனாள். சொன்ன வீட்டு வாசலில் வண்டியை ஒதுக்கிக் குமிழைத் தூக்கினாள். நாலு கதவும் திறந்துகொண்டன. சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஓய்ந்ததும் உள்ளேயிருந்து யாரோ ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வாசலை நோக்கி வரும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒரு காலின் அடி பலமாக விழுந்தது, மறு கால் வந்து சேர நேரம் கூடுதலாக எடுத்தது. ஏன் என்று யோசித்துக்கொண்டே அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.