இரண்டு துண்டுக் கீபோர்டு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கணினிக் கடையில் கிடைத்தது. மணிக்கட்டை வதைக்காத கீபோர்டு தேடிப் போயிருந்தேன். "சும்மா ஏதாவது அடிச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். நான் அடித்தது:

அவளுக்கு வலது மணிக்கட்டு விண்விண்ணென்று

(வாக்கியம் அங்கேயே நின்றது. பக்கத்தில் ஒரு பெண் கடைக்காரரிடம், "நீங்க பேசிக்கிட்டே இருங்க, நான் அடிச்சுப் பார்க்கிறேன்" என்றாள். அவளைக் கேட்காமலே தூக்கிக் கதைக்குள் போட்டுக்கொண்டேன்.)

2.

அவள் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். கூட்டத்தில் யார் எதைப் பேசினாலும் கையோடு அடிப்பாள். சுவர்த் திரையில் எழுத்தாக ஓடும். கணக்காளருக்காகத்தான். நடுவயதில் அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது.

அவள் கை வீங்கியதைப் பார்த்த மேனேஜர், "விட்டுடுங்கம்மா, மெஷினே கேட்டு எழுதிடும்" என்றார்.

கணக்காளர் அவளைத் தனியாகப் பிடித்தார். "மெஷின் பேச்சைத்தான் எழுதும். எல்லாரும் சிரிச்சா, எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு நீங்கதானேம்மா போடுவீங்க? இல்லேன்னா என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கும். நாளைக்கு வேற என் பதவி உயர்வைப் பத்திப் பேசப் போறாங்க."

(இங்கே அவள் கண்கலங்கியதாக எழுதி, நீக்கிவிட்டேன். அவள் அழுகிற ரகம் இல்லை.)

3.

அன்று மாலையே கடைக்குப் போனாள். வளைந்த கீபோர்டில் சுண்டுவிரல் எட்டவில்லை. நடுவில் மேடாக இருந்ததைத் தொட்டுவிட்டு, "ஒட்டகத்து முதுகுல அடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். கடைசியாக இரண்டு துண்டாகப் பிரிந்த ஒன்று. துண்டுக்கு ஒரு கையாகத் தோளுக்கு நேரே வைத்தாள். மணிக்கட்டு வளையாமல் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் பாழாய்ப்போன இடது ஆள்காட்டி விரல், பழக்கதோஷத்தில் எட்டிப் போய் நடுவிலிருந்த வெறும் மேஜையைத் தட்டியது.

"பழக ஒரு மாசம் ஆகும்" என்றார் கடைக்காரர்.

"கூட்டம் நாளைக்கு."

"அப்போ பழசையே வச்சுக்கலாமே?"

"பழசுல இன்னும் ஒரு மாசம் அடிச்சா கையே இருக்காது. இதை பேக் பண்ணுங்க."

4.

ஒரு முடிவு: ராத்திரியோடு ராத்திரியாகப் பழகி, மறுநாள் வெளுத்து வாங்கினாள். (நான் என்ன மந்திரவாதியா?)

இன்னொரு முடிவு: தடுமாறினாள், மெஷின் வந்தது, கணக்காளர் மெல்ல

(இதை எழுதக் கை வரவில்லை.)

ஆகவே இப்படி. கணக்குப் பிரிவுக்கு யாரைத் தலைவராக்குவது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். விரல் மறுபடி மேஜையைத் தட்டியது. திரையில் அரை வாக்கியம். அவள் கையை எடுத்தாள்.

"ஒருத்தர் பேசுங்க. நான் அடிச்சு முடிச்சதும் அடுத்தவர் பேசலாம்."

"நேரமாகும்மா" என்றார் மேனேஜர்.

"ஆகட்டும் சார்."

அந்த இரண்டு வரியையும் நிதானமாக அடித்தாள். கணக்காளர் படித்தார். வழக்கமாக அவர் படித்து முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். இன்று அத்தனை பேரும் அவள் விரலைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

கணக்காளர் கையைத் தூக்கினார்.

5.

அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதப் போவதில்லை. இத்தனை நாள் அவருக்காக மற்றவர்கள் பேசி முடித்தது போதும். அந்த வரிசையில் நானும் போய் நிற்கமாட்டேன். அவள் இரண்டு துண்டிலும் விரல் வைத்துத் தயாராக இருக்கிறாள். நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.